ஆட்டுக்குட்டி எங்கே போனது? ஐந்தாம் வகுப்புக் கணக்கு ரிவிஷனில் ஒரு துப்பறியும் விளையாட்டு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்களுடையது ஈராசிரியர் தொடக்கப் பள்ளி. முதல் மூன்று வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். நான்கும் ஐந்தும் என்னிடம், ஒரே அறையில், இரண்டு கரும்பலகைகளோடு. நான் இங்கே எழுதும் ஆண்டில் ஐந்தாம் வகுப்பில் 20 பிள்ளைகள் இருந்தார்கள். பெரும்பாலும் விவசாயக் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள். நான்கைந்து வீடுகளில் ஆடு வளர்க்கிறார்கள்.

டிசம்பர் மாதம். இரண்டாம் பருவத் தேர்வுக்கு இன்னும் எட்டு நாள். கழித்தல், நேரம், வகுத்தல், அளவைகள் ஆகிய நான்கையும் மறுபடி ஒரு சுற்று பார்க்க வேண்டும். எல்லோரும் செய்வது போலத்தான் நானும் அதுவரை ரிவிஷன் நடத்திவந்தேன். பலகையில் பத்துக் கணக்கு எழுதுவேன், பிள்ளைகள் போடுவார்கள், முன்வரிசையில் ஒருவர் வந்து விடையை எழுதுவார், எல்லோரும் சரிபார்ப்பார்கள், நான் சிவப்பு மையில் டிக் போடுவேன். நோட்டுகள் அழகாக இருக்கும்.

என்ன கவனித்தேன்

ஒரு மாணவியின் நோட்டில் இரண்டு வாரமாக ஒரு தவறுகூட இல்லை. ஒருநாள் மதிய உணவு முடிந்து அவள் தட்டைக் கழுவிக்கொண்டு வந்தபோது சும்மா கூப்பிட்டு, தரையில் சாக்பீஸால் 400 − 136 என்று எழுதிப் போடச் சொன்னேன். தயங்காமல் 336 என்று எழுதினாள்.

எப்படி வந்தது என்று கேட்டேன். "ஆறுல பூஜ்யம் போனா ஆறு, மூணுல பூஜ்யம் போனா மூணு, நாலுல ஒண்ணு போனா மூணு" என்றாள். மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று அவள் பார்க்கவில்லை. எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்தாள். நோட்டில் இருந்த சரியான விடைகள் எல்லாம் பலகையைப் பார்த்து அழித்து எழுதியவை. அழித்த தடம்கூட இருந்தது. நான்தான் அதைப் பார்க்காமல் டிக் போட்டிருக்கிறேன்.

அன்று மாலையே இன்னும் ஆறு பேரிடம் தனித்தனியாக இதேபோல் கேட்டேன். மூன்று பேர் சரியாகச் செய்தார்கள். மற்ற மூவரின் விடைகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தன. ஆக, என் ரிவிஷன் முறை யாருக்கு எது தெரியவில்லை என்பதை மறைத்து வைத்திருந்தது. பலகையில் சரியான விடை வந்துவிட்ட பிறகு தன் தவறான விடையை வைத்துக்கொண்டிருக்க எந்தப் பிள்ளைக்கும் காரணம் இல்லை.

அதனால் எனக்கு இரண்டு விஷயம் தேவைப்பட்டது. விடை சரிதானா என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி ஏதாவது இருக்க வேண்டும். தவறான விடை அழிந்துபோகாமல் என் கைக்கும் வந்துசேர வேண்டும். துப்பறியும் கதையாகச் செய்து பார்க்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

முதல் முயற்சி: மணிக்கம்பியை எடுத்தது யார்?

எங்கள் பள்ளி மணி வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதை அடிக்கும் இரும்புக் கம்பி காணாமல் போய்விட்டது என்று கதை கட்டினேன். பள்ளியில் இருக்கும் ஐந்து பேரைச் சந்தேகத்துக்கு உரியவர்கள் என்று எழுதி ஒட்டினேன். தலைமையாசிரியர், நான், சமையல் அக்கா, காலையில் வாசல் பெருக்க வரும் அம்மா, பால்காரர். ஆறு உறைகளில் ஆறு கணக்குகள். ஒவ்வொரு விடையும் ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்கும் அல்லது இருப்பவரை உறுதி செய்யும். கடைசியில் மிஞ்சுபவர்தான் எடுத்தவர்.

இரண்டாவது உறையிலேயே விளையாட்டு கலைந்தது. ஒரு பையன் கணக்கைப் போடாமல் என் முகத்தையே பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தான். பால்காரர் பெயர் வந்ததும் நான் சிரித்திருக்கிறேன் போல. "பால்காரர்தான்!" என்று கத்திவிட்டான். அதற்கப்புறம் மிச்ச நான்கு உறைகளைத் திறக்க ஒருவருக்கும் மனமில்லை. கணக்குப் போடாமலே பதிலைத் தொட முடிகிற விளையாட்டில் பிள்ளைகள் ஏன் கணக்குப் போடுவார்கள்?

அதைவிடக் கனமான ஒன்று அதே நேரத்தில் நடந்தது. சந்தேகப் பட்டியலை ஒட்டியதும் பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு மாணவன் பெயரைச் சொல்லி, "இவன் பேரையும் எழுதுங்க டீச்சர்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வகுப்பில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது எல்லோரும் அந்தப் பையனைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அது பெஞ்சுக்கு அடியில் கிடைத்தது. நான் கண்டித்தேன், விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவனுக்கு முடியவில்லை. விளையாட்டு நேரம் முழுக்க டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் குழுவிலிருந்த உறையை வேறொரு பிள்ளைதான் பிரித்தது.

நான் விளையாட்டை நிறுத்திவிட்டேன். மாலையில் சமையல் அக்காவும் கேட்டார்: "விளையாட்டுக்குத்தான்னு தெரியும். இருந்தாலும் என் பேரை ஏன் போட்டீங்க டீச்சர்?" சத்துணவுக்கூடத்தில் அரிசிக்கும் முட்டைக்கும் கணக்கு எழுதிவைக்கும் இடத்தில் வேலை செய்பவர் அவர். திருடு என்ற சொல்லோடு தன் பெயர் பக்கத்தில் இருப்பதே அவருக்கு உறுத்தலாக இருக்காதா? அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலை அந்தப் பையனிடமும் தனியாகக் கேட்டேன். பிறகு வகுப்பு முன்னால், ஜியாமெட்ரி பாக்ஸ் விஷயத்தில் அவன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று சொன்னேன். இதை இரண்டு மாதம் முன்பே செய்திருக்க வேண்டும்.

முடிவுகளும் காரணங்களும்

இனி என் விளையாட்டில் திருடன் கிடையாது. "யார் எடுத்தது" என்ற கேள்வியை "எங்கே போனது" என்று மாற்றினேன். பத்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் ஏற்கெனவே யாராவது ஒருவர் மேல் ஒரு பழி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நாம் அறிந்திருப்போம் என்று சொல்ல முடியாது. நிஜ மனிதர் யாரும் கதையில் வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்தது. தேடப்படுவது ஓர் ஆட்டுக்குட்டி. அதுவாகவே எங்கோ போய்விட்டது.

அடுத்து, ஊகித்துத் திறக்க முடியாத முடிவு வேண்டும். நான்கு இலக்க நம்பர் பூட்டு ஒன்று வாங்கி, வீட்டிலிருந்த சின்ன டிரங்குப் பெட்டியில் போட்டேன். உள்ளே துணியில் தைத்த ஓர் ஆட்டுக்குட்டியும் 20 கடலைமிட்டாயும். நான்கு துப்புகளின் விடையிலிருந்து தலா ஓர் இலக்கம் கிடைக்கும். நான்கும் சரியாக இருந்தால்தான் பூட்டு திறக்கும்.

மூன்றாவது முடிவில்தான் அதிக நேரம் செலவழித்தேன். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பிள்ளைகள் கழித்தலில் செய்யும் தவறுகளை ஆராய்ந்து எழுதினார்கள். பல தவறுகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, பிள்ளை ஒரு தவறான விதியை வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். தட்டைக் கழுவிக்கொண்டு வந்த அந்த மாணவி செய்ததும் அதுதான். அப்படியானால் எந்த விதி எந்த விடையைத் தரும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். முதல் துப்புக்கு 502 − 267 என்ற கணக்கை எடுத்துக்கொண்டேன். அதற்கு எந்தெந்த விடைகள் வரும் என்று எழுதிப் பார்த்தேன்.

சரியான விடை 235. பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளைக்கு 365 வரும். நூறிலிருந்து வாங்கி, நடுவிலுள்ள பூஜ்யத்தைப் பத்தாக்கி, அதிலிருந்து ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகும் அதை ஒன்பதாகக் குறைக்க மறந்த பிள்ளைக்கு 245 வரும். பூஜ்யத்தைத் தாண்டி நேராக நூறிலிருந்தே ஒன்றுகளுக்கு வாங்கிவிட்டு, பத்துகளுக்கு மறுபடி ஒருமுறை நூறிடம் போகும் பிள்ளைக்கு 145. நான்கு விடை, நான்கு விதமான யோசனை.

சரி, இந்த நான்கையும் நான்கு இடங்களாக்கினால் என்ன? வராந்தாவின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஓர் ஊரை வரைந்தேன். ஆலமரம், தண்ணீர்த் தொட்டி, அய்யனார் கோயில், ரேஷன் கடை, களத்துமேடு, கண்மாய்க்கரை என்று 11 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஓர் எண். பக்கத்திலேயே ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சிறு துண்டுச் சீட்டுகள். விடை எந்த எண்ணோ அந்த இடத்துக்குப் போய் ஒரு சீட்டை எடுத்துத் தன் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். முதல் துப்பின் நான்கு இடங்களிலும் சீட்டில் ஒரே வாசகம்தான்: "குளம்படி தெரிகிறது. உன் எண்ணோடு 267ஐக் கூட்டு. 502 வருகிறதா?" சரியான இடத்திலும் அதேதான், தவறான இடத்திலும் அதேதான். தவறான இடத்தில் மட்டும் "இங்கே இல்லை, திரும்பிப் போ" என்று எழுதியிருந்தால் பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு இடம் இடமாக ஓடிப் பார்ப்பார்கள். தவிர, சரிபார்ப்பது தப்புச் செய்தவர்களுக்கு மட்டுமான வேலையாகத் தெரியக் கூடாது.

பூட்டு எண்ணை அமைக்கும்போது ஒரு பிழை நேர இருந்தது. ஒவ்வொரு விடையின் கடைசி இலக்கத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று இருந்தேன். முந்தின இரவு சரிபார்த்தபோதுதான் கவனித்தேன், 235, 365, 245, 145 எல்லாமே 5இல் முடிகின்றன. தவறான விடையோடும் பூட்டு திறந்திருக்கும். அதனால் முதல் துப்புக்கும் நீளத் துப்புக்கும் பத்துகள் இலக்கம், நேரத் துப்புக்கு மணியின் கடைசி இலக்கம் என்று மாற்றினேன். இப்படி விளையாட்டு செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு தவறான விடையையும் வைத்து ஒருமுறை பூட்டைத் திறக்க முயன்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான்.

இரண்டாவது முயற்சி: நடந்தது

வியாழக்கிழமை காலை இரண்டு பீரியடுகள். நான்காம் வகுப்பைத் தலைமையாசிரியர் தன் அறைக்கு அழைத்துக்கொண்டார். நான்கு பேராக ஐந்து குழுக்கள். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பழகியிருக்கிறோம். இங்கே ஒவ்வொரு குழுவிலும் எல்லா நிலையும் கலந்திருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

தொடங்கும் முன் அந்தப் பையன் என் அருகில் வந்து மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், இன்னைக்கும் திருடன் கதையா?" இல்லை, ஆட்டுக்குட்டிக் கதை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்த் தன் குழுவோடு உட்கார்ந்தான்.

முதல் துப்பை ஒவ்வொருவரும் தனியாகப் போட வேண்டும். பிறகு இடத்துக்குப் போக வேண்டும். 20 பேரில் 9 பேர் 235க்குப் போனார்கள். 245க்கு 5 பேர், 365க்கு 4 பேர், 145க்கு ஒருவர். மிச்சமிருந்த ஒருவன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, "டீச்சர், 769 எங்கயுமே இல்ல" என்றான். கூட்டியிருக்கிறான். "ஆட்டுக்குட்டி அங்கே இல்லேன்னா கணக்கைப் பாரு" என்றேன். பார்த்துவிட்டு அவனே சிரித்துக்கொண்டு திரும்பினான்.

பிறகு குழுவாகக் கூடி ஒரே எண்ணை ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கேதான் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தது. தட்டைக் கழுவிக்கொண்டு வந்த அந்த மாணவியின் குழுவில் 365, 245, 245, 235 என்று வந்திருந்தது. இரண்டு பேர் 245 சொன்னதால் அதையே முடிவு செய்யப் பார்த்தார்கள். 235 வைத்திருந்த பெண் சீட்டைக் காட்டி, "கூட்டிப் பாக்கலாம்" என்றாள். 245உம் 267உம் 512. "பத்து அதிகமா வருது." அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று தேடி, நால்வரும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு ஒரே தாளில் குனிந்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை.

இரண்டாவது துப்பு நேரம். காலை 9:45க்கு மேய்ச்சலுக்குப் போன மந்தையில் 2 மணி 35 நிமிடம் கழித்துக் குட்டியைக் காணவில்லை. மணி என்ன? 12:20 சரி. 11:80 என்றும் ஓர் இடம் வைத்திருந்தேன், 11:20 என்றும் ஒன்று. ஒரு குழு 11:80 வரை போய், வராந்தாச் சுவரிலிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துத் தானாகவே திரும்பியது.

மூன்றாவதில் நான் கற்றுக்கொண்டேன். ஒரு பட்டியில் 8 ஆடு, 50 ஆட்டுக்கு எத்தனை பட்டி வேண்டும் என்று கேட்டிருந்தேன். 50ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. அந்த இரண்டு ஆட்டுக்கும் இன்னொரு பட்டி, ஆக 7 என்பது நான் எதிர்பார்த்த விடை. ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு ஆட்டுக்குன்னு யாராவது தனியா பட்டி போடுவாங்களா டீச்சர்? இருக்கற பட்டியிலயே ஒண்ணொண்ணா சேத்து அடைச்சிருவோம். ஆறே போதும்." அவள் சொன்னது நியாயம். மீதி 2 என்பதை அவள் சரியாகவே கண்டிருந்தாள், அந்த மீதியை என்ன செய்வது என்றும் யோசித்திருந்தாள். என் கேள்விதான் குறை. "ஒரு பட்டியில் எட்டுக்கு மேல் அடைக்கக் கூடாது" என்று அங்கேயே சேர்த்து எழுதினேன். அவள் விடையும் சரிதான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நான்காவது, 3 மீட்டர் 25 சென்டிமீட்டர் கயிற்றில் 1 மீட்டர் 60 சென்டிமீட்டர் அறுந்துபோனால் மிச்சம். பெரும்பாலோர் சிரமமின்றிச் செய்தார்கள்.

ஐந்து குழுக்களின் எண்ணும் ஒத்துப்போனால்தான் பூட்டைத் திறப்பேன் என்று சொல்லியிருந்தேன். முந்திக்கொள்ளும் ஓட்டம் வேண்டாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் நான்கு குழுக்கள் 3276 என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க, ஐந்தாவது குழு 3176 வைத்திருந்தது. எல்லோர் கண்ணும் அவர்கள் மேல். "சீக்கிரம், சீக்கிரம்" என்ற சத்தம். அந்தக் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரத் துப்பில் 80 நிமிடத்தை 20 ஆக்கியவர்கள் மணியில் ஒன்று கூட்டவில்லை, அவ்வளவுதான். விடையைச் சொல்லாமல் விளக்கலாம் என்று இன்னொரு குழுவிலிருந்து ஒருவரை அனுப்பினேன். சரிசெய்தார்கள். பூட்டு திறந்தது, கடலைமிட்டாய் கொடுத்தோம். அந்தப் பெண் கையை நீட்டி வாங்கினாள், ஆனால் அன்று முழுக்க அதிகம் பேசவில்லை.

பிறகு நடந்தவை

மாலையில் பெயர் எழுதிய சீட்டுகளை இடவாரியாக அடுக்கினேன். இத்தனை நாள் நோட்டில் தெரியாதது அங்கே தெரிந்தது. 245க்குப் போன ஐந்து பேரை நான் கவனக்குறைவானவர்கள் என்று நினைத்திருந்தேன். இனமாற்றம், அதாவது பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்குவது, அவர்களுக்குப் புரிந்திருக்கிறது, ஓர் அடி மட்டும் விட்டுப்போகிறது. 365க்குப் போன நால்வருக்கு இனமாற்றம் என்ற எண்ணமே இல்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பாடத்தை நடத்துவதில் பயன் இல்லை.

மறுநாள் ஐவரையும் உட்காரவைத்து ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்தேன். நூறு கட்டு ஐந்து, உதிரி இரண்டு. ஒரு நூறு கட்டைப் பிரித்ததும் பத்துப் பத்துக் கட்டுகள். அதில் ஒன்றின் ரப்பர் பேண்டைக் கழற்றி உதிரியோடு சேர்க்கச் சொன்னேன். "இப்ப பத்துக் கட்டு எத்தனை இருக்கு?" எண்ணிவிட்டு ஒருவன், "ஒம்பது… ஓ" என்றான். கால் மணி நேரத்தில் நான்கு பேருக்குப் பிடிபட்டது. ஐந்தாவது பிள்ளைக்கு இன்னும் இரண்டு நாள் ஆனது.

365 நால்வருக்குத் தேர்வுக்கு முன் நேரம் போதவில்லை. பருவத் தேர்வின் கழித்தல் கணக்கில் அவர்களில் ஒருவன்தான் சரியாகச் செய்திருந்தான். மற்ற மூவரோடு ஜனவரி முழுக்க மதிய இடைவேளையில் பத்து நிமிடம் குச்சியோடு உட்கார்ந்தேன். துப்பறியும் விளையாட்டு அவர்களுக்குக் கழித்தலைக் கற்றுக்கொடுக்கவில்லை. யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது.

மறுபடி செய்தால் மாற்றுபவை

எண்களை மடித்து ஒரு டப்பாவில் போடச் சொல்வேன். குழுப் பெயர் வேண்டாம். ஒத்துப்போகாவிட்டால் எல்லாக் குழுக்களும் மறுபடி சரிபார்க்கும். கடைசிக் குழுவின் மேல் எல்லோர் கண்ணும் விழுவதை இது தவிர்க்கும்.

துப்புகளின் வரிசையைக் குழுவுக்குக் குழு மாற்றுவேன். வராந்தாவில் கூட்டம் போகும் பக்கம் போன பிள்ளைகள் இருந்தார்கள். 235இல் இருந்த 9 சீட்டில் குறைந்தது இரண்டு அப்படி வந்தவை என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அன்றாடம் கையாளும் பொருளை வைத்துக் கேள்வி எழுதும்போது, அதைக் கையாளும் வீட்டில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவேன்.

தயாரிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின, நடத்த இரண்டு பீரியடுகள். ஒவ்வொரு வாரமும் இது முடியாது. பருவத்துக்கு ஒருமுறை போதும், அதையும் தேர்வுக்கு எட்டு நாள் முன்பு வைக்காமல் மூன்று வாரம் முன்பே வைத்தால் சீட்டுகளைப் பார்த்த பிறகு பிள்ளைகளோடு உட்கார நேரம் கிடைக்கும். இதைத்தான் முதலில் மாற்றுவேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த இரண்டாவது வாரம், 365க்குப் போன அந்த மாணவிக்கு 703 − 458 கொடுத்தேன். குச்சி இல்லாமல், சிலேட்டில். மெதுவாகப் போட்டு 245 என்று எழுதினாள். எழுதியதும் கை நின்றது. "டீச்சர், 245 தப்பான இடமாச்சே?" என்றாள். அவள் குழு டிசம்பரில் விட்டுவந்த எண் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவளே 245க்குக் கீழே 458ஐ எழுதிக் கூட்ட ஆரம்பித்தாள். 703 வந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்கைக் கேட்டாள்.